மீன் தொட்டியின் இரண்டாவது ஓட்டை

அந்தப் பல் கிளினிக்கில் எல்லாருக்கும் அவள் அக்கா. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரும் கிழவருக்கும் அக்கா, கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரும் மருமகனுக்கும் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த டாக்டரே அக்கா என்றுதான் கூப்பிடுவார். நோயாளிகள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அப்புறம் மாறவில்லை. அவளுக்கும் அது பிடித்திருந்தது. தங்கச்சி என்றால் கூசாமல் வேலை ஏவுவார்கள், அக்கா என்றால் கொஞ்சம் யோசித்து ஏவுவார்கள் என்பது அவள் கட்சி.

டோக்கன் கொடுக்க வந்தவள்தான். உதவிக்கு இருந்த நர்ஸ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, டாக்டர் எச்சில் உறிஞ்சும் குழாயை இவள் கையில் திணித்தார். அன்றைக்குப் பிடித்த குழாயை அக்கா இன்றுவரை கீழே வைக்கவில்லை. அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோயாளியின் முகத்தைப் பார்த்து, "கீழ்க் கடைவாய்தானே? இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?" என்று திட்டத் தொடங்கிவிடுவாள். பாதி நேரம் அது மேல்வாயாக இருக்கும். அதற்கும் திட்டு விழும்.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக ஒரு ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு காலையில் டாக்டர் டீ குடிக்கும்போது கோப்பைக்கும் தட்டுக்கும் நடுவில் கிடுகிடுவென்று ஒரு சத்தம் கேட்டது. டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்கா சுவர் பக்கம் பார்த்தாள். மறுநாளிலிருந்து தட்டு வரவில்லை. டம்ளரில் பாதி டீ வந்தது. சத்தம் போய்விட்டது, நோயே போய்விட்ட மாதிரி. தட்டு எங்கே என்று அவரும் கேட்கவில்லை, எடுத்து ஒளித்தது நான்தான் என்று இவளும் சொல்லவில்லை. படித்தவரும் படிக்காதவளும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

டீயில் மறைக்கலாம், வாய்க்குள் எப்படி மறைப்பது? அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தாள். டாக்டர் பல்லைக் குடையும்போது ஒரு கையில் உறிஞ்சு குழாய் இருக்கும். இன்னொரு கையால் நோயாளியின் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கிற சாக்கில், டாக்டரின் மணிக்கட்டுக்கு அடியில் தன் மணிக்கட்டை முட்டுக் கொடுப்பாள். கை ஆடாமல் நின்றுவிடும். சின்னக் குழி அடைப்பது, அழுக்கு எடுப்பது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாம் இப்படியே ஓடின. பெரிய வேலை எது வந்தாலும், "பெரிய ஆஸ்பத்திரில புது மெஷின் வந்திருக்கு, அங்க போங்க" என்று டாக்டரே அனுப்பிவிடுவார்.

அவள் இதைத் தர்மத்துக்குச் செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கணவர் லாரி ஓட்டியவர். முதுகு போய், கட்டிலில் படுத்தபடி டிவிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் இன்னும் படிக்கிறாள். டாக்டர் வேலை நின்றால் கிளினிக் நிற்கும், கிளினிக் நின்றால் அக்கா வீட்டு அடுப்பு நிற்கும். சர்டிபிகேட் ஒன்றும் இல்லாத ஐம்பது வயதுக்காரிக்கு எவன் உறிஞ்சு குழாய் கொடுப்பான்?

"அவர் கையப் புடிச்சுக் கரையேத்தணும்னு உன் தலையெழுத்தா?" என்றார் கணவர்.

"உங்க முதுகையே புடிக்கிறேன். அவர் கை என்ன பெரிய பாரம்?" என்றாள் அக்கா. அதற்குமேல் அவர் டிவிக்கே வழி சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா மகளுக்குக் கடைசிப் பல் படுத்துக்கொண்டு முளைத்தது. ஈறுக்குள்ளேயே சாய்ந்து, தாடை நரம்பை உரசிக்கொண்டு கிடந்தது. கொஞ்சம் கை தவறினால் அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் பாதி உதடு மரத்துப்போகும். டாக்டர் வழக்கம்போலப் பெரிய ஆஸ்பத்திரியைக் காட்டினார். தையல்காரம்மா அசையவில்லை. "உங்க கைதான் டாக்டர் ராசியான கை. வேற யாருகிட்டயும் என் புள்ளை வாயைத் திறக்க மாட்டா," என்று அழுதாள். டாக்டருக்கு மறுக்க மனசு வரவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டார்.

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஈறை வெட்டி, எலும்பைச் சீவி எடுக்கிற வேலை. டாக்டரின் இரண்டு கையும் தொண்டைக்குழி வரைக்கும் போகும். மூன்றாவது கைக்கு அங்கே இடம் ஏது? ஆனாலும் அவர் செய்ய மாட்டார், அவருக்கே தெரியும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் டாக்டருக்குத் திடீரென்று மீன் தொட்டி மேல் அக்கறை பிறந்தது.

நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில், மரப் பீரோ மேல் அந்தத் தொட்டி உட்கார்ந்திருந்தது. கல், மணல், செடி எல்லாம் வேரோடி நிலைத்த தொட்டி. உள்ளே கனத்த ஆரஞ்சு நிற மீன் ஒன்று, வருகிறவர்களை எல்லாம் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடும். "வாயை எப்படித் திறக்கறதுன்னு அதைப் பாத்துக் கத்துக்கங்க," என்பது டாக்டரின் பழைய ஜோக். தொட்டியின் விளிம்பில் தொங்கிய பில்டர் மோட்டார் மட்டும் சதா ங்ஙொய் என்று இரையும். அது கேட்பதற்குப் பல் குடையும் மெஷின் மாதிரியே இருக்கும். மனசு அமைதியாகட்டும் என்று வைத்த தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாதிப் பேருக்கு உள்ளங்கை வியர்த்தது. இந்தச் சத்தம் வருஷக்கணக்காக இருக்கிறது. டாக்டருக்கு இப்போதுதான் கேட்டதாம்.

மீன்கடைக்காரரை வரவழைத்தார். பக்கக் கண்ணாடியில் மேலே ஒரு ஓட்டை போட்டால், தண்ணீர் குழாய் வழியாகப் பீரோவுக்குள் இருக்கும் இன்னொரு சின்னத் தொட்டியில் விழும். மோட்டாரைக் கீழேயே பூட்டிவைத்துவிடலாம், சத்தம் வெளியே வராது என்றார் கடைக்காரர். ஓட்டை போட மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"காலித் தொட்டியாக் குடுங்க, போட்டுத் தர்றேன். குடியிருக்கற வீட்டுல சுவத்தை இடிக்க நான் வர மாட்டேன் சார்."

"பல்லுல ஓட்டை போடறவனுக்குக் கண்ணாடி எம்மாத்திரம்? பல்லாவது வலிக்குதுன்னு கத்தும்," என்றார் டாக்டர்.

கடைக்காரர் தொட்டி எதிரே நின்று விரலால் அளந்தார். "அப்ப வலது பக்கக் கண்ணாடி. மேலேருந்து நாலு விரல் கீழ. அடிக் கண்ணாடி பக்கம் மட்டும் போயிடாதீங்க, அது சூடு காட்டி இறுக்கினது, துளைக்கற பிட்டு பட்டாலே பொலபொலன்னு கொட்டிடும். பக்கத்துல இருக்கறது சாதா கண்ணாடிதான். ஞாயித்துக்கிழமை நீங்க போட்டு வைங்க, நான் குழாயோட வந்துடறேன்."

அக்காவுக்கு இதில் ஒன்றும் விளங்காமல் போகவில்லை. சத்தமாவது, பில்டராவது! மனுஷர் தன் கையைப் பரீட்சை பார்க்கப் போகிறார். மனுஷ வாயில் பார்க்க முடியாது. தொட்டி என்றால் கேஸ் போடாது. தேறிவிட்டால் அந்தப் பெண்ணின் பல்லில் கை வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு. அக்கா மட்டும் வந்தாள். டியூபை வைத்து உறிஞ்சித் தொட்டித் தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, வாளிகளில் பிடித்து வைத்தாள். மீன் மிச்சத் தண்ணீரில் ஒரு மூலையில் ஒதுங்கி முறைத்துக்கொண்டிருந்தது. மோட்டாரையும் ஹீட்டரையும் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். மார்க்கர் பேனாவை எடுத்தாள்.

"வலது பக்கம்தானே டாக்டர்?"

"வலதுதான். நாலு விரல்."

அக்கா சந்தேகமே இல்லாமல் ஒரு பக்கம் போய் வட்டம் போட்டாள். டாக்டரும் சந்தேகமே இல்லாமல் அந்தப் பக்கமே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பல் செட்டுக்கு அச்சு எடுக்கும் மாவைப் பிசைந்து வட்டத்தைச் சுற்றி வரப்புக் கட்டினார், ஊற்றும் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்க. உட்பக்கம் டேப்பை ஒட்டினாள் அக்கா. டாக்டர் ஏப்ரன் கட்டி, முகமூடி மாட்டி, வட்ட வாய் கொண்ட வைரத்தூள் பிட்டைத் துளைக்கும் மெஷினில் சொருகினார். தொட்டியைப் பார்த்து, "பயப்படாதீங்க, லேசா அதிரும், அவ்வளவுதான்," என்றார். பழக்க தோஷம்.

எடுத்ததும் நேராக வைத்தால் பிட்டு வழுக்கி ஓடும். கொஞ்சம் சாய்த்து வைத்து, விளிம்பால் கண்ணாடியைப் பிறை மாதிரி கடிக்கவிட்டு, அப்புறம் மெல்ல மெல்ல நிமிர்த்த வேண்டும். அழுத்தக் கூடாது, தண்ணீர் ஊற்றுவது நிற்கக் கூடாது. டாக்டருக்கு இதெல்லாம் அத்துப்படி. அறிவில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் மணிக்கட்டில் இருந்தது. மெஷின் கிளம்பியதும் பிட்டு நுனி தந்தியடிக்கத் தொடங்கியது.

அக்கா யோசிக்கவே இல்லை. வலது கை தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்க, இடது கை தானாகப் போய் அவர் மணிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாள் சோறு போட்ட பழக்கம் ஆயிற்றே. பிட்டு நின்றது, கடித்தது, வட்டமாக இறங்கியது. கண்ணாடிப் பொடி கலந்த தண்ணீர் பால் மாதிரி வழிந்தது. கடைசியில் டொக் என்று ஒரு சத்தம். வட்டத் துண்டு டேப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. விளிம்பில் ஒரு சில்லு கூடப் பெயரவில்லை.

"பாத்தீங்களா அக்கா!" டாக்டர் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். "இந்தக் கையைப் போய் நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். குழந்தை மாதிரிச் சிரித்தார். ஈரக் கையோடு போய் போனை எடுத்துத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல பொண்ணைக் கூட்டிட்டு வாங்கம்மா. பெரிய ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே எடுத்துடறேன்."

ஓட்டை அழகாக விழுந்ததில் அரை நிமிஷம் பெருமையாக இருந்த அக்காவுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. அடிப்பாவி, நீ என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பரீட்சை எழுதியது ஒருத்தர், பாஸ் ஆனது இன்னொருத்தர். சொல்லிவிடலாமா? சொன்னால் நாளைக்கு இந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். சொல்லாவிட்டால் ஊர் பேர் தெரிந்த ஒரு பெண்ணின் உதடு கோணும். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மீனும் அதையே செய்துகொண்டிருந்தது.

அதற்குள் மீன்கடைக்காரர் குழாய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டையைப் பார்த்து, "அடடா, கடைல போட்டா கூட இப்படி வராது சார்," என்றார். அப்புறம் பீரோவைத் திறந்து பார்த்தார். எழுந்து தொட்டியின் எதிரே நின்று தலையைச் சொறிந்தார்.

"சார், நான் எந்தப் பக்கம் சொன்னேன்?"

"வலது பக்கம்," என்றார்கள் டாக்டரும் அக்காவும் ஒரே குரலில்.

"யாருக்கு வலது?"

பல் கிளினிக்கில் இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே எதிரில் வாய் திறந்து உட்கார்ந்திருப்பவரின் வலதுதான் வலது. பார்க்கிறவருக்கு அது இடது. காலமெல்லாம் அப்படியே பார்த்துப் பழகிய இரண்டு பேரும், ஹாலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தொட்டியையும் ஒரு நோயாளியாகவே எடுத்துக்கொண்டு, தொட்டிக்கு வலது பக்கத்தில் துளைத்துவைத்திருந்தார்கள். மீன்கடைக்காரருக்கு அது இடது. உலகத்துக்கே அது இடது. அந்தப் பக்கம் பீரோவுக்குள் மின்சாரப் பிளக்குகள் இருந்தன. குழாய் இறங்க வழியே இல்லை.

"ரெண்டு பேருமா சேர்ந்து இப்படியா சார்? ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

டாக்டர் அசரவில்லை. இருந்த குஷியில் பீரோவையே தலையில் தூக்குவார். "அதுக்கென்ன இப்ப? இதுக்கு ஒரு ரப்பர் மூடியைப் போடுங்க. அந்தப் பக்கம் இன்னொண்ணு போட்டுடறேன். கை நல்லா வந்திருக்கு."

"ஒரு தொட்டிக்கு ரெண்டு ஓட்டையா?"

"மூக்குக்கே ரெண்டு இருக்குய்யா."

அக்கா போய் வலையை எடுத்துவந்தாள். மூலையில் முறைத்துக்கொண்டிருந்த மீனை லாவகமாக அள்ளி, தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியில் விட்டாள்.

"அதை ஏன் எடுக்கறீங்க?" டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "மொத ஓட்டைக்கு எடுக்கலையே?"

"சும்மாதான் டாக்டர். அதுக்கும் கொஞ்சம் மாறுதலா இருக்கட்டும்."

மறுபடி வட்டம், மறுபடி மாவு வரப்பு, மறுபடி டேப். அக்கா வலது கையில் தண்ணீரைப் பிடித்தாள். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மெஷின் கிளம்பியது. பிட்டு நுனி தந்தியடித்தது. டாக்டர் ஒரு கணம் காத்திருந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாமல். அக்காவின் இடது கை குறுகுறுத்தது. நீட்டினால் போதும். ஓட்டை விழும், டாக்டர் சிரிப்பார், சம்பளம் வரும், எல்லாம் பழையபடி நடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிட்டு வழுக்கியது. கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. டாக்டர் திரும்ப வைத்தார், திரும்ப வழுக்கியது. மூன்றாவது தடவை, ஓடாமல் நிற்கட்டும் என்று அழுத்திப் பிடித்தார். டக்கென்று ஒரு சத்தம். வட்டத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, அவசரமே இல்லாமல் அடிவரைக்கும் இறங்கியது. தண்ணீர் முதலில் கோடாக வந்தது, பிறகு கொட்டியது. மணலும் செடியும் சரிந்தன.

"ஐயய்யோ, துணி, துணி!" என்று மீன்கடைக்காரர் நான்கு பக்கமும் ஓடினார்.

டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அவளுடைய இடுப்பைப் பார்த்தார், அங்கே இருந்த கையைப் பார்த்தார்.

"மொத ஓட்டைக்கு அந்தக் கை என் கைக்கு அடில இருந்துச்சே, அக்கா."

"ஆமா டாக்டர்."

"எத்தனை நாளா?"

"அந்த டீத் தட்டு போனதுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கிளினிக்கை மூடிடுவீங்க. மூடிட்டா நான் எங்க போறது? வீட்டுல ஒருத்தர் படுத்திருக்கார், ஒருத்தி படிச்சிட்டிருக்கா." அக்கா குரலில் கோபத்தை ஏற்றிக்கொண்டாள். "உங்களுக்காக ஒண்ணும் நான் புடிக்கல. என் வயித்துக்காகப் புடிச்சேன்."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் விட்டீங்க?"

"இது கண்ணாடி டாக்டர். போனா வேற வாங்கிக்கலாம். நாளைக்கு வரப் போறது அந்தப் பொண்ணோட வாய்."

"சார், தண்ணி ஆபீஸ் ரூமுக்குள்ள போகுது!" என்றார் மீன்கடைக்காரர்.

"போகட்டும்," என்றார் டாக்டர்.

ஈரச் செருப்பு சளக் சளக் என்று ஒலிக்க நடந்துபோய் போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்கே இரண்டு தடவை தவறியது. அக்கா உதவிக்குப் போகவில்லை. மூன்றாவது தடவையில் தையல்காரம்மா கிடைத்தாள்.

"அம்மா, நாளைக்கு இங்க வர வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க நல்ல டாக்டர் இருக்கார், நானே பேசி வைக்கிறேன்." போனை மறு கைக்கு மாற்றினார். "என் கை நடுங்குதும்மா."

அந்தப் பக்கத்துக் குரல் ஹால் வரைக்கும் கேட்டது. "என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? போன மாசம்தானே எனக்குப் பல்லு அடைச்சீங்க? ஒரு ஆட்டம் அசைவு இல்லாம, என்ன கை அது! அதுக்காகத்தானே உங்ககிட்டயே வரணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

டாக்டர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் தரையில் குந்தி, தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அது என் கை இல்லம்மா," என்றார் போனில். "அது அக்கா கை."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளை ஒரு நோயாளியிடம் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. அதுவும், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத நாளில் வந்து வாய்த்தது. அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, துணியை மீன் இல்லாத வாளியாகப் பார்த்துப் பிழிந்தாள்.